எந்த வருஷத்து அலி?

1969-ல் மயாமியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் குத்துச்சண்டை மேடை போட்டு இரண்டு பேரை இறக்கிவிட்டார்கள். ஒருவர் ராக்கி மார்சியானோ, தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற முன்னாள் ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) சாம்பியன். வயது 45. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. கேமராவுக்காக ஏறக்குறைய 50 பவுண்டு இளைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் முகமது அலி. வயது 27. வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்து, பட்டமும் உரிமமும் பறிபோய், இரண்டு வருஷமாகச் சண்டை இல்லாமல் இருந்தார். இரண்டு பேரும் ஒரு நிமிஷ ரவுண்டுகளாக எழுபது வாக்கில் நடித்துக் கொடுத்தார்கள். முடிவையும் பல விதமாகப் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள். எந்த முடிவை ஒட்டுவது என்பதை என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டர் சொல்லும் என்பது ஏற்பாடு.

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் தியேட்டர்களில் அந்தப் படம் ஓடியது. 13-வது ரவுண்டில் அலி நாக்-அவுட். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் ஜெயித்தவர் அலி. அதே கம்ப்யூட்டர்தான். எது தன் முடிவு என்று தெரியாமலே மார்சியானோ போய்ச் சேர்ந்துவிட்டார். 46-வது பிறந்த நாளுக்கு முந்தைய தினம், 1969 ஆகஸ்ட் 31 அன்று, சிறு விமானம் விழுந்து இறந்தார்.

கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எனக்கு உறுத்துவது வேறொன்று. அலியின் உடம்பு அதன் முழு பலத்தில் இருந்திருக்க வேண்டிய வயதில் அவர் போட்ட ஒரே பெரிய ‘சண்டை’ இந்த நடிப்புதான். 1967 மார்ச் 22-ல் சோரா ஃபோலியை வீழ்த்தியவர், அடுத்து நிஜமாக மேடை ஏறியது 1970 அக்டோபர் 26-ல், அட்லாண்டாவில், ஜெர்ரி குவாரியுடன். இடையில் 43 மாதங்கள். 25 வயதில் போனவர் 28 வயதில் திரும்பினார். “உச்சத்தில் இருந்த அலியும் உச்சத்தில் இருந்த மைக் டைசனும் மோதினால்?” என்று கேட்கிறோமே, அந்த உச்சத்து அலியை யாரும் பார்த்ததே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் இந்த மாதிரிக் கற்பனை மோதல்களில் நான் முதலில் கேட்பது பெயரை அல்ல, தேதியை. ஹெவிவெயிட் வீரர் ஒருவர் இருபது வருஷம் சண்டை போட்டால் அந்தப் பெயருக்குள் மூன்று நான்கு ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்குள்ளேயே மோதவிட்டால்கூட முடிவு ஒன்றாக வராது.

அலியையே எடுத்துக்கொள்வோம். 1964-லிருந்து 1967 வரை இருந்தவர் கால்களால் சண்டை போட்டவர். கையைத் தாழ்த்தி வைத்து, குத்து வரும்போது தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே ஜாப் (முன் கையை நேராக நீட்டும் வேகக் குத்து) அடிப்பார். 1971-லிருந்து 1975 வரை இருந்தவர் வேறு ஆள். கால் பழையபடி ஓடவில்லை. அதற்குப் பதில் வாங்கிக்கொள்ளத் தெரிந்தது. எதிராளியின் கழுத்தைப் பிடித்து அமுக்கவும், கயிற்றில் சாய்ந்து மூச்சைச் சேமிக்கவும் கற்றுக்கொண்டார். 1977, 78-ல் இருந்தவர் பெயரை வைத்தும் தந்திரத்தை வைத்தும் ஓட்டியவர். வெறும் ஏழு சண்டை அனுபவமுள்ள லியான் ஸ்பிங்க்ஸிடம் தோற்று, ஏழு மாதம் கழித்து மீட்டார். நான்காவது ஆளைச் சென்னையே பார்த்திருக்கிறது. 1980-ன் தொடக்கத்தில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எல்லிஸ் அலியின் ஊர்க்காரர், பழைய பயிற்சித் துணை, 1971-ல் அவரிடமே தோற்றவர். அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் கண்டது 38 வயதான, ஓய்வு அறிவித்திருந்த அலியை. அதே வருஷம் அக்டோபர் 2 அன்று அந்த 38 வயதுக்காரர் லாஸ் வேகஸில் அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்து நின்றார்.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கற்பனையாகக் கேட்கும் கேள்வி ஒன்று அங்கே நிஜத்தில் நடந்துவிட்டது. ஹோம்ஸுக்கு வயது 30. எழுபதுகளில் அலியின் பயிற்சிக் கூடத்தில் அவருக்குத் துணையாகக் குத்து வாங்கியவர். அலி இரண்டு வருஷம் கழித்து வந்திருந்தார். எடை பார்க்கும்போது 217½ பவுண்டு, முடிக்குக் கறுப்புச் சாயம், பார்ப்பதற்குப் பத்து வயது குறைந்த மாதிரி. 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சாய்த்த அன்றும் கிட்டத்தட்ட இதே எடைதான், 216½. தராசு ஒன்றையே சொன்னது, உள்ளே இருந்த ஆள் வேறு. எடை குறைக்கத் தைராய்டு மாத்திரையை அளவுக்கு மீறி எடுத்திருந்தார். உடம்பு வியர்க்கவில்லை, கை எழவில்லை. பத்து ரவுண்டில் ஒன்றைக்கூட நடுவர்கள் அவருக்குத் தரவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்திவிட்டார். ஹோம்ஸ் அலியை வென்றார் என்று ஏட்டில் இருக்கிறது. ஹோம்ஸ் அலியைவிடச் சிறந்தவர் என்பதற்கு அது சாட்சி ஆகுமா?

38 என்ற வயது இந்த விளையாட்டில் வினோதமானது. எட்டு வருஷம் கழித்து, 1988 ஜனவரி 22-ல், அதே ஹோம்ஸுக்கும் 38 வயது. எதிரே 21 வயது மைக் டைசன். நான்காவது ரவுண்டில் திடீரென்று ஹோம்ஸின் கால்கள் பழைய ஞாபகத்தில் ஆட ஆரம்பித்தன, ஜாப் அடித்தார், பார்ப்பவர்களுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அதே ரவுண்டில் மூன்று தடவை விழுந்து சண்டை முடிந்தது. அவர் ஆடிய 75 சண்டைகளில் ஒரு ஆள் அவரை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். ஆனால் இதே ஹோம்ஸ் 42 வயதில், 1992 பிப்ரவரியில், அதுவரை தோற்காத ஒலிம்பிக் தங்கக்காரர் ரே மெர்சரைப் புள்ளிகளில் வென்றார். நான்கு வயது கூடிய பிறகு எப்படிச் சாத்தியம்? டைசனிடம் வந்தபோது 21 மாதம் சண்டையே போடாமல், குறைந்த அவகாசத்தில் ஒப்புக்கொண்டு வந்திருந்தார். மெர்சரிடம் வந்தபோது அதற்கு முன் சில சண்டைகள் போட்டுத் துருவை உதிர்த்திருந்தார். மெர்சரும் டைசன் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜார்ஜ் ஃபோர்மன் தன் இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கியதே 38 வயதில்தான், 1987 மார்ச்சில். அலியின் பிறந்த நாளான ஜனவரி 17-லேயே பிறந்த ஒலெக்சாண்டர் உசிக், 38 வயதில், 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். ஒரே வயது, நான்கு பேர். ஒருவருக்கு முடிவு, ஒருவருக்கு அவமானம், ஒருவருக்குத் தொடக்கம், ஒருவருக்கு உச்சம். பிறந்த தேதி மட்டும் போதாது. எத்தனை ரவுண்டு ஆடியிருக்கிறார், தலையில் எத்தனை குத்து வாங்கியிருக்கிறார், கடைசியாக எப்போது ஆடினார் என்பதும் வேண்டும்.

வயது எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்வதில்லை, வரிசையாகத்தான் எடுக்கிறது. முதலில் கால் போகும். அடுத்து, குத்து வருவதைக் கண்டதும் தலை விலகும் அந்த இமைப்பொழுது போகும். கண் பார்த்துவிடும், கழுத்து நகராது. மூச்சும் குறையும். குத்தின் கனம் மட்டும் கடைசிவரை இருக்கும். 1951 அக்டோபரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 28 வயது மார்சியானோவிடம் வந்த முன்னாள் சாம்பியன் ஜோ லூயிக்கு 37 வயது. வரிக்கடன் கழுத்தை நெரித்ததால் ஓய்விலிருந்து திரும்பி வந்தவர். இடது கை ஜாப் அப்போதும் நன்றாகவே வேலை செய்தது. வலது கையைத் தூக்கும் நேரம்தான் இல்லாமல் போயிருந்தது. எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். சின்ன வயதில் லூயியை ஆராதித்த மார்சியானோ சண்டைக்குப் பின் அவர் அறைக்குப் போய் அழுதார் என்பது பலரும் சொல்லும் சம்பவம். 49-க்கு 49 என்ற மார்சியானோவின் கணக்கில் அதுவும் ஒன்று.

ஆக, யாருடைய பாணி எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தால் அவர் எப்போது உடைவார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். காலை நம்பியவர் சீக்கிரம் மாறியாக வேண்டும். கையின் கனத்தை நம்பியவர் நாற்பதைத் தாண்டியும் ஆபத்தானவர். தலை அசைவை நம்பிய குள்ளமான வீரரின் கதிதான் பரிதாபம். அந்த அசைவு தினசரிப் பயிற்சியில் இருப்பது, ஒரு வருஷம் சோம்பினால் போய்விடும்.

டைசனின் கதை அதுதான். உயரம் ஐந்தடி பத்து அங்குலம், கைவீச்சு (இரு கைகளையும் விரித்த நீளம்) 71 அங்குலம். ஹெவிவெயிட்டில் இது குறைச்சல். அதை ஈடுகட்ட அவருடைய முதல் குரு கஸ் டமாட்டோ இரண்டு கையையும் கன்னத்தில் ஒட்டி, இடுப்பிலிருந்து ஆடிக்கொண்டே உள்ளே நுழையச் சொல்லிக் கொடுத்தார். 1986 நவம்பர் 22-ல் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார். (அலியைக் கடைசியாக வென்றவர் இதே பெர்பிக், 1981 டிசம்பரில், பஹாமாஸில்.) 1988 ஜூன் 27-ல் லியானின் தம்பி மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். மூன்று நாள் கழித்து அவருக்கு 22-வது பிறந்த நாள். அந்த வருஷக் கடைசிக்குள் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிவிட்டார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் 83 அங்குலக் கைவீச்சை வைத்துக்கொண்டு ஜாப் அடித்தபோது டைசனின் தலை நேராக, அசையாமல் நின்றது. நான் உச்சம் என்று ஏற்பது பெர்பிக்கிலிருந்து ஸ்பிங்க்ஸ் வரையிலான 19 மாதத்தை மட்டும். சிறைக்குப் பிறகு வந்த 1996-ன் டைசனை ஹோலிஃபீல்ட் உடைத்தார், 2002-ன் டைசனை லெனாக்ஸ் லூயிஸ் உடைத்தார். 2024 நவம்பரில் 58 வயதில் யூடியூபர் ஜேக் பாலுடன் இரண்டு நிமிஷ ரவுண்டு எட்டு ஆடியதை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மோதவிடலாம். 1988 ஜூன் டைசன் ஒரு பக்கம். மறுபக்கம் 1966-67 அலி, ஏனென்றால் ஆதாரம் இருக்கும் கடைசி வேகமான அலி அவர்தான்.

அலிக்குப் பாதகமானதை முதலில் சொல்கிறேன். 1962-ல் சானி பேங்க்ஸ், 1963-ல் ஹென்றி கூப்பர், 1971-ல் ஜோ ஃப்ரேசியர் என மூன்று பேர் அலியைக் கீழே தள்ளினார்கள். மூன்றும் இடது கை ஹூக். தலையை நேராகப் பின்னால் இழுப்பவனுக்குப் பக்கவாட்டில் சுழன்று வரும் ஹூக்தான் எமன். டைசனின் இடது ஹூக் இவர்கள் மூவருடையதையும்விட வேகம். இன்னொன்று: அலியின் உச்சம் என்று எல்லோரும் போட்டுக்காட்டும் 1966 நவம்பர் ஹூஸ்டன் சண்டையில் எதிராளி கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ். அவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பு போலீஸ்காரர் துப்பாக்கியால் சுடப்பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். குண்டும் உடம்பிலேயே இருந்தது. அந்த மூன்று ரவுண்டு வீடியோ அழகானது, ஆனால் அதை வைத்து டைசனை எடை போட முடியாது.

டைசனுக்குப் பாதகமானது 1986, 87-ல் இருக்கிறது. குயிக் டிலிஸ் காலை நகர்த்திக்கொண்டே பத்து ரவுண்டு தாக்குப்பிடித்தார். போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே பன்னிரண்டு ரவுண்டை ஓட்டினார். பிடித்தவுடன் டைசன் உதறாமல் நடுவர் பிரிக்கும்வரை சும்மா நின்றார். ஸ்மித்திடம் பிடி மட்டும் இருந்தது, டிலிஸிடம் கால் மட்டும் இருந்தது. இளம் அலியிடம் காலும் 78 அங்குலக் கைவீச்சும் ஜாபும் சேர்ந்தே இருந்தன. முதல் மூன்று ரவுண்டில் அலி ஒருமுறை விழுவார் என்றே வைத்துக்கொள்கிறேன். கூப்பரிடமும் விழுந்து எழுந்து அடுத்த ரவுண்டில் முடித்தவர்தானே. ஆறாவதுக்கு மேல் டைசனின் கை ஓயும், தலை நிற்கும், ஜாப் படும். அலி, புள்ளிகளில்.

1974 அலி என்றால் எனக்கு இந்தத் தைரியம் இல்லை. கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனைக் களைப்படைய வைத்தது ஏன் பலித்தது? ஃபோர்மனின் குத்துகள் அகலமாகச் சுற்றி வந்தன. கயிறு வளைந்து கொடுக்க, அலி பின்னால் சாய்ந்து பாதியைக் காற்றில் விட்டார், மீதியைக் கையில் வாங்கினார். டைசன் நெருங்கி நின்று விலாவுக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று குட்டையாக அடிப்பவர். அவருக்கு முன்னால் கயிற்றில் சாய்வது தானாகப் போய் உரலில் தலையைக் கொடுப்பதுதான். ஆனால் அந்த வருஷ அலிக்குக் கழுத்தைப் பிடித்து அமுக்கும் வித்தை கைவந்திருந்தது. 1974 ஜனவரியில் ஃப்ரேசியரை இரண்டாம் முறை சந்தித்தபோது இரவு முழுக்க அதைத்தான் செய்தார். இங்கே விதிமுறைதான் தீர்ப்பு சொல்லும். அலி காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982 நவம்பரில் ரே மான்சினியிடம் 14 ரவுண்டு அடிவாங்கிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகு, அமைப்புகள் ஒவ்வொன்றாக 12-க்குக் குறைத்தன. டைசன் 12-ஐத் தாண்டி ஒரு ரவுண்டு ஆடியதில்லை. 12 என்றால் டைசன், 15 என்றால் அலி என்பேன். 1980 அலி என்றால், மேடையில் ஏற்றவே கூடாது.

‘இவர் அவரை அடித்தார், அவர் இன்னாரை அடித்தார், ஆகவே…’ என்ற வாய்ப்பாடும் உதவாது. ஃப்ரேசியர் அலியை வென்றார். அந்த ஃப்ரேசியரை ஃபோர்மன் 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் இரண்டு ரவுண்டில் ஆறு தடவை தரையில் உருட்டினார். அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் முடித்தார். பிறகு அலி ஃபோர்மனை வீழ்த்தினார். குனிந்து உள்ளே வருபவர்களுக்கு ஃபோர்மன் கீழிருந்து தூக்கும் அப்பர்கட் காத்திருக்கும். விலகி நிற்பவரிடம் அது காற்றில் போகும். டைசனும் குனிந்து உள்ளே வருபவர்தான். 1973 ஃபோர்மன், 1988 டைசன் என்றால், ஃப்ரேசியர் மெதுவாகச் சூடேறுபவர், டைசன் முதல் விநாடியிலேயே கொதிப்பவர் என்ற வித்தியாசத்தை மதித்த பிறகும், என் ஓட்டு ஃபோர்மனுக்கே. நான்காவது ரவுண்டைத் தாண்டினால் மட்டும் ஓட்டை மாற்றிப் போடுவேன்.

மார்சியானோவை இந்தக் காலத்துக்குக் கொண்டுவருவது பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அவர் ஆடியது 185 பவுண்டு சுமாருக்கு. இன்று 200 பவுண்டுக்குக் கீழே இருந்தால் குரூசர்வெயிட் என்ற வேறு பிரிவு. உசிக் அங்கே எல்லாப் பட்டங்களையும் வாங்கிவிட்டு, உடம்பேற்றிக்கொண்டுதான் மேலே வந்தார். ஆறடி ஐந்தங்குலமும் 84 அங்குலக் கைவீச்சும் உள்ள லெனாக்ஸ் லூயிஸுக்கு முன் மார்சியானோவை நிறுத்திவிட்டு ‘மன உறுதி’ பற்றிப் பேசுவது நியாயமில்லை.

எனக்குப் பிடித்த கற்பனை மோதல் ஃபோர்மனுக்கும் ஃபோர்மனுக்கும். 1973-ல் இருந்தவர் 24 வயது, முறைப்பு, அகலக் குத்துகள், ஐந்தாறு ரவுண்டில் மூச்சு வாங்கிவிடும். 1994-ல் இருந்தவர் 45 வயது, 250 பவுண்டு, மொட்டைத் தலை, போதகர், சிரித்த முகம். கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக் காக்கும் பாணி, அது பழைய வீரர் ஆர்ச்சி மூர் கற்றுக்கொடுத்தது. ரவுண்டுக்கு இடையில் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பார். 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகஸில், கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்புக் கால்சட்டையோடு 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரரிடம் வந்தார். அவர் மூலையில் நின்றவர் ஆஞ்சலோ டண்டி, இருபது வருஷம் முன்பு அதே ஃபோர்மனைத் தோற்கடித்த அலியின் ஆள். ஒன்பது ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களிடமும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். எதிர் மூலையிலிருந்து மூரருக்கு, அவன் எதிரே நிற்காதே, நகர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பத்தாவதில் மூரர் நேர் எதிரே நின்றார். ஃபோர்மன் இடது, வலது என்று கொடுத்தார்; அந்த வலது கை சில அங்குலம்தான் பயணம் போனது. மூரர் எழுந்திருக்கவில்லை.

இந்த இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால், முதல் இரண்டு ரவுண்டில் பெரியவர் விழாமல் இருக்க வேண்டும். குறுக்குக் கை அதற்கு ஓரளவு போதும். சின்னவரின் குத்துகளில் பாதி முழங்கையில் போகும். ஐந்தாவதில் சின்னவருக்கு வாய் திறந்துவிடும். ஆறாவதில் பெரியவர் ஜாபை மட்டும் நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வருவார். ஏழாவது அல்லது எட்டாவது, குட்டையான ஒரு வலது கை. என் பந்தயம் 45 வயதுக்காரர் மேல், ஆனால் முதல் இரண்டு ரவுண்டு முடிந்த பிறகுதான் பணத்தை எடுத்து வைப்பேன்.